சாவுக்கு மட்டும் சந்தா

2024 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். மழை. சவரம் செய்துகொண்டு, முந்தின நாள் பத்திரிகையில் மிச்சமிருந்த பக்கங்களைப் படித்து முடித்தேன். ஏழு மணிக்கு மஸ்கெலியா டவுனில் என் கடையைத் திறந்தேன். பாடசாலைக் கொப்பி, பேனை, போட்டோ கொப்பி, லெமினேட்டிங். இவ்வளவுதான் என் வியாபாரம். ஞாயிறு தேயிலைத் தோட்டத்துச் சனம் டவுனுக்கு வரும் நாள் என்பதால் ஒரு மணி வரை கூட்டம் இருந்தது. பிறகு கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, அரைமணி நேரம் படுத்து எழுந்து, மனைவியுடன் சங்கக் கூட்டத்துக்குப் புறப்பட்டேன்.

சங்கம் என்றால் மரண உதவிச் சங்கம். நான் அதன் செயலாளர். எங்கள் தோட்டத்தில் அதில் சேராத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒருவர் கண்ணை மூடினால் போதும், கூடாரம் வரும், பிளாஸ்டிக் நாற்காலி வரும், விழித்திருப்பவர்களுக்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வரும், பெட்டியும் வரும். சாவதற்கு எங்களைப் போல ஆயத்தமாக இருக்கிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெட்டி எந்த மரத்தில் என்பதற்குக்கூட விதி வைத்திருக்கிறோம். ஆள் சாகாமல் படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் விதி கிடையாது. அது அவரவர் பாடு.

என் மனைவி ஒரு வருடமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றித்தான். எனக்கு ஒரு மருத்துவக் காப்புறுதி எடுக்கச் சொன்னாள். காரணம் அவளுடைய அண்ணன். மச்சான் நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றும் லொரி வைத்திருந்தார். முட்டைக்கோவா மூட்டையைத் தலையணை போலத் தூக்குகிற ஆள். மாத்திரை என்பது மற்றவர்களுக்கு என்று சொல்லித் திரிந்தவர். ஒருநாள் டயர் மாற்றக் குனிந்தார், நிமிரவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் நன்றாகவே பார்த்தார்கள், ஒரு சதம் வாங்கவில்லை. ஆனால் முதுகு ஸ்கேனுக்கும் ஒப்பரேசனுக்கும் கிடைத்த தேதி வெகுதூரத்தில் இருந்தது. வலி அதுவரை பொறுக்கவில்லை. கண்டியில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார், லொரியை விற்றார். இப்போது எழுந்து நடக்கிறார்; ஓட்டுவதற்குத்தான் லொரி இல்லை. பிறகு அவரும் காப்புறுதிக்கு விசாரித்தார். முதுகைத் தவிர மற்றதெல்லாம் எடுத்துக்கொள்கிறோம் என்றார்களாம்.

நான் மசியவில்லை. குடிப்பதில்லை, புகைப்பதில்லை, தினமும் நடக்கிறேன், பிரஷர் இல்லை, சீனி வருத்தம் இல்லை. நோய் வராவிட்டால் கட்டின காசு வீண்தானே என்பது என் வாதம். பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் காப்புறுதி முகவர், எங்கள் சங்கத்து உறுப்பினர்தான், படிவம் கொப்பி எடுக்கக் கடைக்கு வரும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பார். நானும் மீதிக் காசைக் கொடுத்துவிட்டு மெசினைத் துடைக்கத் தொடங்குவேன்.

அன்றைய கூட்டத்தில் புதிய உறுப்பினர் ஒருவர் சேர வந்தார். மேல் டிவிசன்காரர், கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். அன்றைக்கே ரசீது வேண்டும் என்று நின்றார். இவ்வளவு ஆர்வத்தோடு யாரும் எங்கள் சங்கத்துக்கு வந்ததில்லை என்பதால் எனக்குச் சந்தேகம் வந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் விளக்கம் தந்தார்: "அவங்க ஆத்தா ஆஸ்பத்திரியில சேலைன் ஏத்திக் கெடக்குதுங்க."

அந்த மனிதர் விடவில்லை. "நேத்துகூட எங்கம்மா பாண் தின்னுச்சுங்க" என்றார், ஏதோ மருத்துவச் சான்றிதழை நீட்டுவது போல.

சேர்ந்து ஆறு மாதம் கழிந்தால்தான் உதவி என்பது எங்கள் விதி. எழுதியவன் நான். எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "தம்பி, இது நல்லா இருக்கிறப்போ வந்து சேர்ற எடம். படுத்த பொறகு எல்லாரும் வந்து சேந்தா, யாரு சந்தாவுல யாரத் தூக்குறது?"

சபை சிரித்தது. எங்கள் தலைவர், தோட்டத்து வேலையை மேற்பார்த்து ஓய்வு பெற்ற கண்டாக்கு, தலையை ஆட்டி ஆமோதித்தார். கூடாரமும் நாற்காலியும் தேவைப்பட்டால் சும்மா தருவது, பணம் மட்டும் இல்லை என்று முடிவாயிற்று. சேர வந்தவரும் அரைமனதாகச் சந்தாவைக் கட்டிவிட்டுப் போனார். பெண்கள் வரிசையில் என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பரீட்சையில் பார்த்து எழுதிய பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடித்த வாத்தியார் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரே குடைக்குள் வந்தோம். அந்தத் தம்பிக்குச் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொல்லத் தொடங்கினேன். "படுத்த பொறகு" என்ற இடத்தில் குரல் தானாகவே இறங்கிவிட்டது.

"நீங்க செத்தா எனக்குக் கூடாரம் வரும், பெட்டி வரும். சாகாமப் படுத்தீங்கன்னா என்னங்க வரும்?"

ஆஸ்பத்திரி சும்மாதானே பார்க்கிறது என்றேன்.

"அண்ணனையும் சும்மாதான் பாத்தாங்க. அவருகிட்ட விக்கிறதுக்கு லொரி இருந்துச்சு. நீங்க எத விப்பீங்க, போட்டோ கொப்பி மெசினையா? அதயும் வித்துட்டா மக கெம்பஸ்ல படிக்கிறது எத வச்சு?"

எனக்குத்தான் ஒன்றும் இல்லையே என்றேன்.

"ஒண்ணும் இல்லாதப்போதான் முழுசா எடுப்பாங்க. அண்ணனோட முதுக எவன் எடுத்தான்?"

வீடு வரும்வரை யோசித்தேன். கல்யாணமான நாளிலிருந்து மரணச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறேன். என் காசில் எத்தனையோ பேர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். இவ்வளவு கட்டியும் எனக்கு இன்னும் சாவு கிடைக்கவில்லையே என்று ஒருநாளும் முறைப்பாடு செய்ததில்லை. நோய்க்குக் கட்டிவிட்டு நோய் வராமல் போனால் மட்டும் நட்டம் என்று ஒரு வருடமாக வழக்காடியிருக்கிறேன். நல்லா இருக்கிறவர்கள் கட்டுவதால்தான் படுத்தவரைத் தூக்க முடிகிறது. இதைச் சபையே ஒத்துக்கொள்கிற மாதிரி விளக்கத் தெரிந்த ஆளுக்கு, தன் வீட்டில் புரியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. எழுந்தவுடன், முகம்கூடக் கழுவாமல், முகவருக்குப் போன் எடுத்தேன். நான்கைந்து தடவை மணி அடித்த பிறகு எடுத்தார். அந்த நேரத்தில் சங்கச் செயலாளர் அழைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஐயோ, யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

"யாரும் தவறலைங்க. அதுக்கு முந்தின விசயம் பேசணும்" என்றேன்.

காப்புறுதி விசயம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்க வேண்டாம், பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க ஹட்டனுக்கு வாருங்கள் என்றார். எடுத்தவுடனே எல்லாவற்றுக்கும் பணம் கிடைக்காது, சில நோய் வருத்தங்களுக்குச் சில மாதம் பொறுக்க வேண்டும் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

நியாயமான விதி என்று சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸுக்கு நேரம் கேட்டேன்.