பரோட்டா மாஸ்டரின் வலது கை

ஒச்சப்பன் எனக்கு மச்சான். என் அக்கா கற்பகத்தின் புருஷன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து இருபது வருஷம் இருக்கும். வந்த நாளிலிருந்து சுதீர் சேட்டன் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அதே அடுப்படியில்தான் நான் காய் நறுக்குகிறேன். அதனால் அவரைப் பற்றிப் பேச எனக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பேச்சு குறைவான மனிதர். அவருக்கும் சேர்த்து அக்கா பேசுவாள். பக்கத்துத் தோப்பும்படியில் இறால் உரிக்கும் ஷெட்டில் அவளுக்கு வேலை. சாயங்காலம் விரலெல்லாம் வெளுத்துப்போய் வந்து கடையின் பின்வாசலில் நிற்பாள். கல்லிலிருந்து எடுத்த முதல் பரோட்டாவை மச்சான் இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அவள் கையில் வைப்பார். சாயாவும் அப்படித்தான், ஒன்று வாங்கி இரண்டு கிளாஸில் ஊற்றுவார். பிள்ளைகள் இல்லாத வீடு, இவளுக்கு அவர், அவருக்கு இவள்.

"ரெண்டா வாங்குனா கட முழுகிருமா மச்சான்?" என்று கேலி செய்வேன்.

"பாதியாக் குடுத்தாத்தேன் அவளுக்கு இறங்கும்" என்பார்.

கல்யாணமான புதிதில் திருவிழாக் கூட்டத்தில் உட்கார்ந்து, இடது தோளுக்குக் கீழே அக்காவின் பெயரைப் பச்சை குத்திக்கொண்டவர் அவர். குத்துப்பட்டவர் கல்லு மாதிரி இருந்தாராம், பக்கத்தில் நின்ற அக்காதான் அழுதாளாம். ஊசி என்றால் அவளுக்கு அவ்வளவு பயம். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு ஊசி போட்டுவிட்டால் போதும், வீடு வந்து சேரும்வரை மச்சான் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே வருவார். பஸ்ஸில்கூட. பார்க்கிற எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

அப்பேர்ப்பட்டவள், கொரோனாவுக்கு ஊரே முடங்கிக் கிடந்த சமயம், டிவியில் தடுப்பூசி என்று யாராவது வாயெடுத்தால் போதும், உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டுவாள்.

"வரட்டும்டி செல்வி, மொத ஆளா நிப்பேன். போட்டுக்கிட்டு ஊருக்குப் போயி ஆத்தாளப் பாக்கணும்."

ஊசி வரவில்லை. நோய்தான் வந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள். முகத்தைக் கிட்டத்தில் பார்க்கக்கூட விடவில்லை. உறைபோட்டுக் கட்டி எடுத்துப் போனதை மச்சான் ரோட்டின் இந்தப் பக்கம் நின்று பார்த்தார். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

அடுத்த வருஷம் ஊசி வந்தது. வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கென்று தோப்பும்படியில் தனியாக முகாம் போட்டார்கள். எங்களுக்கு இங்கே 'அதிதி தொழிலாளி' என்று பெயர், விருந்தாளி என்று அர்த்தம். இருபது வருஷமாக இந்த ஊருக்குப் பரோட்டா போட்டவர் விருந்தாளியாம். என்னவோ போகட்டும். நான் போட்டுக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வலியில் இல்லை. தப்பித்தோம் என்ற சந்தோஷமும், அவளுக்குக் கிடைக்கவில்லையே என்ற ஆத்திரமும் ஒன்றாக வந்துவிட்டன. மச்சான் மட்டும் அசையவில்லை.

"அவ ஆசையாக் கேட்டா. அவளுக்குக் கெடைக்கல. நான் மட்டும் எப்பிடிப் போட்டுக்கிறது?"

சுதீர் சேட்டன் நயமாகச் சொல்லிப் பார்த்தார். ஊசி போடாத ஆளை அடுப்பில் நிறுத்த முடியாது என்று மிரட்டியும் பார்த்தார். "சரி, நிக்கல" என்று மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டதும் சேட்டன் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார். அவரை அனுப்பிவிட்டு யாரை வைத்துக் கடை நடத்துவார்? ஆனால் எங்கள் தெருவில் மறுபடியும் ஆம்புலன்ஸ் வந்துபோகத் தொடங்கியிருந்தது. ஒருநாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மச்சானைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்காவ வாரிக் குடுத்தாச்சு. உங்களையும் குடுத்துட்டு நான் நிக்கணுமா? வந்து கைய நீட்டுனா என்ன கொறஞ்சு போகும்? அதுவும் ரெண்டு ஊசி. இப்ப ஒண்ணு போட்டாத்தேன் மூணு மாசத்துல அடுத்ததப் போடுவாக."

மாவு உருட்டிய கை நின்றது. "ரெண்டா? ஒரு ஆளுக்கா?"

"ஆமா, ஒரு ஆளுக்குத்தேன்."

அவர் மறுபடியும் மாவை உருட்ட ஆரம்பித்துவிட்டார். இரண்டு என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாள் காலை பார்த்தால், வெள்ளைச் சட்டை போட்டு, படிய வாரிக்கொண்டு என் வாசலில் நிற்கிறார். கல்யாண வீட்டுக்குக் கிளம்பினவர் மாதிரி.

"முகாம் எங்க செல்வி?"

நர்ஸ் இடது கையைக் கேட்டாள். மச்சான் வலது கையை நீட்டினார். "பணி எடுக்குந்ந கை அல்லே சேட்டா, வேதனிக்கும்" என்றாள் அவள், வேலை செய்கிற கை வலிக்குமாம். கேட்டால்தானே. மாவு வீசுகிற கை அது, எந்தப் பரோட்டா மாஸ்டரும் அதைக் கொடுக்க மாட்டான். அக்கா பெயரில் ஊசி பட வேண்டாம் என்று நினைக்கிறார் போல என்று நானும் விட்டுவிட்டேன். மறுநாள் அந்தக் கை தோளுக்கு மேலே எழவில்லை. வீசின மாவு விரியாமல் பொத்தென்று விழுந்தது. அன்றைக்குக் கடையில் பரோட்டா கிடையாது, கப்பைக் கிழங்கும் மீனும்தான்.

"ஒச்சப்பா, நினக்கு இடது கை இல்லே?" என்று சேட்டன் கத்தினார்.

"இருக்கு சேட்டா. அதுக்கு வேற வேல இருக்கு."

சேட்டன் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது ஊசி. நான் கூப்பிடாமலே கிளம்பினார், அதே வெள்ளைச் சட்டை. இந்தத் தடவை உட்கார்ந்ததும் இடது கைச் சட்டையைச் சுருட்டினார். அக்காவின் பெயர் பச்சையாகத் தெரிந்தது. அதே நர்ஸ்தான்.

"பேரு உண்டல்லோ. கொறச்சு மேலே குத்தாம்." பெயரை விட்டுக் கொஞ்சம் மேலே போடுகிறேன் என்றாள்.

"வேண்டா சிஸ்டரே. பேருலயே குத்துங்க" என்றார் மச்சான். "முந்துனது எனக்கு. இது அவளுக்கு."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். ஒரு ஆளுக்கா என்று அன்றைக்கு அவர் ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போடுங்கள் என்று தலையசைத்தேன். அவள் பஞ்சால் துடைத்துவிட்டு, பெயரின் நடுவிலேயே போட்டாள்.

முதல் ஊசியின்போது அவர் அந்த இடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இப்போது பெஞ்சில் உட்காரச் சொன்ன நேரம் முழுக்க இடது கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார். பஸ் ஏறிய பிறகும் விடவில்லை.

"தேய்க்கக் கூடாதுன்னாக மச்சான்" என்றேன்.

"அவ பயந்திருப்பா செல்வி" என்றார்.