பேதுரு தப்பிச்ச கதையில யாக்கோபு

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்ல. வேதத்துல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் காதால கேட்டதுதான். இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகதான் எழுதுது. நான் பேச்சுவாக்குல எங்கயாவது போயிட்டா, "மாமா, ஆனைக்கு வாங்க"ன்னு இழுத்துக்கிட்டு வருது.

வர்றேன். போடிமெட்டுக்கு இந்தப்பக்கம் ஏலக்காட்டுல எனக்கும் எங்க மாப்ளைக்கும் வேலை. மாப்ளைன்னா எந்தங்கச்சி வீட்டுக்காரரு. ஏலச்செடி ஆள் உசரத்துக்கு மேல நிக்கும். பத்தடி தள்ளி ஆனை நின்னாலும் தெரியாது. இப்பல்லாம் ஆனை எங்க நிக்குதுன்னு போன்ல மெசேஜ் வருது. மெசேஜ் வர்ற வரைக்கும் அது அங்கயே நிக்கணுமே! அப்ப அதும் இல்ல, அதனால நாங்க ஒரு வழக்கம் வச்சிருந்தோம். காலையில காட்டுக்குள்ள நுழையும்போது ஒருத்தன் முன்னாடி தகரத்தத் தட்டிக்கிட்டே போகணும், அடுத்தவன் பின்னாடி. ஒரு நாள் நான், ஒரு நாள் அவரு. சத்தம் கேட்டா ஆனை விலகிரும். பெரும்பாலும் விலகிரும்.

அன்னைக்கு என் முறை. எனக்கு முட்டி வலி. முன்னாடி போறவனுக்கு ஓடத் தெம்பு வேணும். "மாப்ள, இன்னைக்கும் நீங்களே போயிருங்க"ன்னேன்.

"நேத்தும் நான், இன்னைக்கும் நானா? உங்க முட்டி நல்லா முறை பாத்து வலிக்குது மச்சான்"னு சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே தகரத்த வாங்கிட்டுப் போனாரு.

நல்ல பனி. பத்து நிமிசம் இருக்காது, தகரச் சத்தம் நின்னுபோச்சு. ஆனை அவர முடிச்சிட்டு நேரா எங்கிட்டத்தான் வந்துச்சு. வாய்க்கால்ல விழுந்து கெடந்தேன். தலைக்கு மேல மூச்சு விட்டுச்சு. போயிருச்சு.

அந்த வருசத்துலருந்து வருசா வருசம் ஸ்தோத்திர ஆராதனை வந்தா என்னையச் சாட்சி சொல்லக் கூப்பிடுவாக. சாட்சின்னா ஆண்டவர் நமக்குச் செஞ்ச நல்லத சபைக்கு முன்னாடி எந்திரிச்சுச் சொல்றது. எங்க சபை இருக்கது பழைய ஏலக்கா ஸ்டோர்ல. அங்க காய் காயவச்சு எத்தனையோ வருசமாச்சு, மழை பேஞ்சா இன்னும் சுவத்துல வாசம் வரும். மொத வருசம் உள்ளதச் சொன்னேன், முறை விசயத்த மட்டும் விட்டுட்டேன். பாஸ்டர் எந்திரிச்சு, தானியேலுக்குச் சிங்கத்தோட வாயக் கட்டுன ஆண்டவர்தான் தாத்தாவுக்கு ஆனையக் கட்டுனாருன்னாரு. அப்புறம் சனமே கதைய வளத்துருச்சு. "ஏசுவேன்னு கத்துனதும் ஆனை மண்டி போட்டுச்சாமே தாத்தா?" நான் எங்க கத்துனேன், வாயெல்லாம் மண்ணு. ஆனா இல்லன்னும் சொல்லல. எட்டு வருசம் அப்படியே ஓடுச்சு. பொம்பளைக உக்கார்ற பக்கம், மூணாவது பாயில எந்தங்கச்சி உக்காந்திருக்கும். எல்லாரும் அல்லேலூயா சொல்லும்போது அதும் வாயசைக்கும். அது மொகத்தப் பாத்துக்கிட்டே சொல்லணும். நாள் முழுக்க மூட்டை சொமந்தாலும் அந்த அலுப்பு வராது.

போன வருசம் பாஸ்டர் பேதுருவ எடுத்தாரு. ஜெயில்ல கெடந்தவரத் தூதன் தட்டி எழுப்பி, சங்கிலி தானாக் கழண்டு விழுகுமே, அது. எப்பவும் ஜெயில்லருந்துதான் வாசிப்பாக. அன்னைக்கு வாசிச்ச அம்மா அதிகாரத்த மொதல்லருந்தே ஆரம்பிச்சிட்டாக. ராசா யாக்கோப வெட்டிப்போட்டானாம். அம்புட்டுத்தான், யாக்கோபுக்கு ஒத்த வரி. மத்ததெல்லாம் பேதுரு. ரெண்டு பேரும் ஏசுவோட சீசருக, ஒரே கடல்ல மீன் புடிச்சவுகதான். யாக்கோபு வீட்டாளுக யாராச்சும் அந்தக் கூட்டத்துல உக்காந்து பேதுரு சாட்சியக் கேட்டிருப்பாகளோன்னு எனக்கு மனசுல ஓடுது. அதுக்குள்ள "தாத்தா, வாங்க"ன்னு பாஸ்டர் கூப்பிட்டாரு.

எந்திரிச்சேன். "ஆனை மண்டி போடல. நான் ஏசுவக் கூப்பிடவும் இல்ல. அன்னைக்கு முன்னாடி போக வேண்டியது நான். முட்டி வலின்னு அவர அனுப்பிட்டேன்"னேன். உக்காந்துட்டேன். பின்னாடி ஒருத்தர் பழக்கத்துல "அல்லே"ன்னு ஆரம்பிச்சு அப்படியே நிறுத்திட்டாரு.

வெளிய செருப்பு கெடக்குற எடத்துல தங்கச்சி நின்னுச்சு.

"எனக்குத் தெரியும்ணே. அவரு போறதுக்கு மொத நாள் சாயங்காலம் தகரம் தட்டித் தட்டிக் கை வலிக்குதுன்னு தைலம் கேட்டாரு. மறுநாள் யாரு முறைன்னு எண்ணத் தெரியாதவளா நானு?"

"பின்ன ஏந்தாயி கேக்கல?"

"நீயாச் சொல்லுவன்னு உக்காந்திருந்தேன். எட்டு வருசம். இடுப்பே போச்சு."

"மன்னிச்சிரு தாயி"ன்னேன். அது குனிஞ்சு செருப்ப மாட்டுச்சு.

"இனி பாஸ்டர் கூப்பிட்டாலும் போகாதண்ணே. ஆண்டவர் உன்னையக் காப்பாத்துனாருன்னு எம்முன்னாடி சொல்லாத. காப்பாத்தலன்னும் சொல்லாத."

சரின்னேன். இப்பவும் ஞாயித்துக்கிழமை போறேன். கடைசியில சுவத்துல சாஞ்சு உக்காந்து அடுத்தவுக சாட்சியக் கேக்குறேன். நல்லாத்தான் சொல்றாக.