பெனி என்றால் நல்லது

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஓர் ஆங்கிலச் சொல் இருந்தது: டேசிடர்ன். அதிகம் பேசாதவர் என்று அர்த்தம். அம்மாவுக்கு கேரலஸ், அதாவது வாய் ஓயாதவர். நான் வைத்த பெயர்கள்தான். வெளிநாட்டில் மேல்படிப்புக்காக ஒரு பரீட்சை எழுத வேண்டியிருந்தது. அதற்கு ஆங்கிலச் சொற்களை மூட்டை மூட்டையாக மனப்பாடம் செய்ய வேண்டும். அதுவும் கொடைக்கானலுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள்கூடப் பேசாத சொற்கள். தெரிந்த ஆள் ஒருவர் தலையில் ஒரு சொல்லைக் கட்டிவிட்டால் அது மறக்காது என்பது என் வித்தை. பெரும்பாறை எஸ்டேட்டில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் ஆளுக்கா பஞ்சம்? கஞ்சனுக்கு ஒருவர், சண்டைக்காரிக்கு ஒருத்தி என்று மொத்த லைனும் என் அகராதியில் குடியேறிவிட்டது.

"என்னையக் கேக்காம எனக்கு என்னடி பேரு வெச்சிருக்க?" என்று தொடங்கி அம்மா பொழுது சாயும்வரை பேசினாள். அப்பா சிரித்ததோடு சரி.

ஆள் கிடைக்காத சொற்களுக்கு வேர்ச்சொற்கள் இருந்தன. ஒரு வேர் தெரிந்தால் அதிலிருந்து முளைத்த பத்துச் சொற்களைப் பிடித்துவிடலாம். அவற்றை வாய்ப்பாடு மாதிரி படித்தேன். பெனி நல்லது, மால் கெட்டது, மார்ட் சாவு, விட்டா உயிர். விடிவதற்கு முன்பே அடுப்பில் வெந்நீர் கொதிக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பேன். அப்பா எதிரே கருப்பட்டியைக் கடித்தபடி பிளேன்டீ குடிப்பார். சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். பால் ஊற்றிய டீ இன்றுவரை அவருக்கு ஆகாது. குடித்துவிட்டு மிளகு பறிக்கிற ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். என் கத்தல் அவர் காதில் ஏறுகிறதா என்று நான் யோசித்ததே இல்லை.

பரீட்சையில் தேறினேன். போனேன். படிப்பு முடிந்து அங்கேயே வேலையும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் ஊர்க்கதை முழுக்க அம்மா சொல்வாள். அப்பாவுக்கு ஒரே கேள்விதான்: "சாப்பிட்டியாம்மா?" பதில் கேட்டதும் போன் அம்மா கைக்குப் போய்விடும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, நான் வந்து சேர்வதற்குள் உயிரைக் காப்பாற்றியிருந்தார்கள். வலது கை விழுந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது; வாயும் திறந்தது, சொல் வரவில்லை. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு "அஃபேசியா" என்றார். 'அ' என்றால் இல்லை. மிச்சமுள்ள 'ஃபேசியா' பேச்சு. அவர் விளக்கத் தொடங்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா டாக்டரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேர் தெரியாதவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் நம்பிக்கை இருந்திருக்கும். அந்தப் படிப்பின் மேல் அன்று வந்த வெறுப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

பேச்சு இருந்தும் பேசாதவருக்குத்தான் டேசிடர்ன் பொருந்தும். இப்போது அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது, அது கண்ணிலேயே தெரிந்தது.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் படங்களைக் காட்டினார். டம்ளரில் தண்ணீர், சாவி, மாடு. "த... தண்..." என்று எடுத்துக்கொடுப்பார். அப்பா முக்கி முக்கிப் பார்ப்பார், வேர்த்துக் கொட்டும், கடைசியில் அழுவார். அவர் அழுது நான் பார்த்ததே கிடையாது. வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு என் வித்தைகளையும் இறக்கிப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் சொல் கட்டியவளால் அப்பாவின் வாயில் 'தண்ணீர்' என்ற ஒரு சொல்லைக் கட்ட முடியவில்லை.

ஒருநாள் காலை, அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவருக்கு டீ புகட்டிக்கொண்டிருந்தேன். பழக்க தோஷத்தில் என் வாய் "பெனி" என்று முணுமுணுத்தது.

"நல்லது" என்றார் அப்பா. பிசிறில்லாமல்.

டம்ளரைக் கீழே வைத்தேன். "மால்" என்றேன். "கெட்டது" என்றார். மூன்றாவதான மார்ட்டைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "நல்லதுன்னா சொன்னாக?" அடுத்த நிமிடம் லைன் முழுக்கச் செய்தி போய்விட்டது. "நல்லா இருக்கேன்னு சொல்லிட்டாக. இனி வெரசாப் பேசிருவாக."

பயிற்சி தந்த பெண்ணைப் போனில் கேட்டேன். திரும்பத் திரும்பக் காதில் விழுந்து பதிந்தவை, பாட்டும் வாய்ப்பாடும் போல, தானாக வரும் என்றார். நினைத்ததைச் சொல்வது வேறு, அது திரும்பிவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. "வலிக்குதாப்பா?" என்று அவரிடமே கேட்டுப் பார்த்தேன். ஆமாமுக்கும் இல்லைக்கும் ஒரே மாதிரி தலையை ஆட்டினார். 'பெனி' என்றால் மட்டும் உடனே 'நல்லது'. தோள் வலியில் முகம் கோணிக் கிடந்த அன்றும் அதே நல்லதுதான்.

அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. லீவு முடிந்து திரும்பிவிட்டேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறோம். ஊர்க்கதை முடிந்ததும் அம்மா, "இந்தா, அவுக காதுல வெச்சிட்டேன். கேளு ஆத்தா" என்பாள். சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்கத்தான் எனக்கு ஆசை. கேட்டால் வெறும் மூச்சுதான் வரும், பிறகு அழுவார். அதனால் "பெனி" என்கிறேன்.

"நல்லது" என்கிறார்.

"கேட்டியா? நல்லா இருக்காகளாம்" என்கிறாள் அம்மா.

"கேட்டேன்மா" என்கிறேன்.