நடுவில் ஒரு பொன்னாடை

என் மகள் தன் அம்மாவின் கடைசி நாளை மேடையில் ஆடிக்கொண்டிருந்தபோது, நடுவில் ஏறிப்போய் நன்றியுரை சொன்ன முட்டாள் நான்தான். குடித்திருக்கவில்லை. இஸ்திரி போட்ட வேட்டி சட்டையோடு, முழு நினைவோடு, மைக்கை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

பகலில் எனக்கு ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. மாலையில் எங்கே மைக் இருக்கிறதோ அங்கே இருப்பேன். கல்யாண ரிசப்ஷன், பள்ளி ஆண்டு விழா, ஸ்ரீரங்கத்து அபார்ட்மெண்ட்களின் பொங்கல் விழா. மாப்பிள்ளையைப் பற்றி நாலு ஜோக், மாமியாரைப் பற்றி ஆறு. வீட்டில் என் மனைவி எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். ஏற்கெனவே கேட்ட ஜோக் என்றால் கொஞ்சம் சீக்கிரமாகவே சிரித்துவிடுவாள், நான் முடித்துத் தொலைக்கட்டும் என்று.

மூன்று வருடத்துக்கு முன் அவள் திருச்சி புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். காரியம் முடிந்ததும் மகள் பெங்களூருக்குப் போனவள்தான், ஸ்ரீரங்கம் பக்கம் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். “சாப்டீங்களாப்பா? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?” ரவுண்ட்ஸ் வரும் நர்ஸ் மாதிரி இரண்டு கேள்வி, வைத்துவிடுவாள்.

அங்கே அவள் நவீன நடனம் ஆடும் ஒரு குழுவில் இருக்கிறாள். இந்த வருடம் அந்தக் குழு நாலு புது நடனங்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பியது. பாண்டிச்சேரி முடிந்து திருச்சி, பிறகு மதுரை. நாலில் ஒன்று என் மகளே அமைத்து, அவளே தனியாக ஆடுவது.

“அம்மாவைப் பத்திப் பண்ணியிருக்கேன்ப்பா” என்றாள் போனில்.

“என்ன பாட்டு?”

“பாட்டு இல்லை.”

“பாட்டு இல்லாம என்னம்மா ஆட்டம்? கரெண்ட் போயிடுச்சுன்னு நெனச்சுக்கப் போறாங்க.”

அவள் சிரிக்கவில்லை. “நீங்க சும்மா வந்து உக்காந்து பாருங்க, அது போதும். மேடைக்கு மட்டும் வராதீங்க. மைக்கைத் தொடாதீங்க.”

“சத்தியமாத் தொடமாட்டேன்.”

பிறகு சொன்னாள். “ஷோ முடிஞ்சதும் நான் வீட்டுக்கு வரேன். அவங்கள்லாம் மதுரைக்குப் போகட்டும். ரெண்டு நாள் உங்களோட இருந்துட்டு பஸ் பிடிச்சுப் போயிக்கறேன்.”

அந்த ரெண்டு நாளுக்காக நான் ஒரு வாரம் லீவு போட்டேன். அவள் அறையில் குவிந்து கிடந்த என் நினைவுப் பரிசுகளையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். திரைச்சீலை துவைத்தேன். பாத்ரூம் குழாயை மாற்றினேன். அவள் வந்து உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று மட்டும் தெரியவில்லை. எனக்கு ஜோக் இல்லாமல் பேச வராது.

நிகழ்ச்சியை நடத்தியது நான் அடிக்கடி மைக் பிடிக்கும் ஒரு சபா. அதன் செயலாளருக்கு காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. நல்ல மனிதர். எங்கள் ஊர் சபாக்களில் ஒரு வழக்கம் உண்டு. சீஃப் கெஸ்ட் கடைசிவரை உட்கார மாட்டார். அதனால் நடுவில் ஓர் இடம் பார்த்து நிறுத்தி, அவருக்கு ஒரு பொன்னாடை, கலைஞர்களுக்கு ஒரு பொன்னாடை, நாலு வார்த்தை நன்றி. கச்சேரி என்றால் வித்வான் அந்த நேரத்தில் பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடித்துக்கொள்வார். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

முதல் இரண்டு நடனங்களில் ஆறேழு பேர் ஓடினார்கள், விழுந்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பெண்களைப் பரதநாட்டியம் கற்க அனுப்பும் அம்மாக்கள் சலங்கையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக என் மகள் வந்தாள். சாம்பல் நிற டீ ஷர்ட், பேண்ட். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தாள். அப்படியே மேடையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒவ்வோர் அடியாக நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். கை இறங்கவே இல்லை. அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது எனக்கு வாய் அரிக்கும். பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து, “டவுன் பஸ்ல கம்பியைப் பிடிச்சு நிக்கற மாதிரியே இருக்கு. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வர்றவரைக்கும் இப்படித்தான்” என்றேன். அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாங்கள் இருந்தது முதல் வரிசை.

போகப் போக அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு மெல்ல, பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கே தோள் வலிக்கும்படி அவ்வளவு மெல்ல, கீழே இறங்கியது. விளக்கு பாதியாகக் குறைந்தது. அவள் அசையாமல் நின்றாள். பின்னால் யாரோ இருமினார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

செயலாளர் குனிந்தபடியே ஓடி வந்தார். “சார், முடிஞ்சுடுச்சா?”

“முடிஞ்ச மாதிரிதான் இருக்கு.”

“சீஃப் கெஸ்ட்டுக்கு ஜீயபுரத்துல ரிசப்ஷனாம், காலைக் காலை ஆட்டறாரு. ஏறுங்க சார், ரெண்டே வார்த்தை. உங்க பொண்ணுக்கு நீங்களே போத்துனா எவ்வளவு நல்லா இருக்கும்!”

மைக்கையும் இரண்டு பொன்னாடைகளையும் என் கையில் வைத்தார். சத்தியம் செய்தது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ‘என் மகள்’ என்று மைக்கில் ஒருமுறை சொல்லிப் பார்க்கும் ஆசை அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டது.

ஏறினேன். “பாட்டே போடாம இவ்வளவு நேரம் திருச்சிக்காரங்களை உக்கார வெச்ச ஒரே ஆள் என் மகள்தான்!” என்றேன். அரங்கம் சிரித்தது. கை தட்டினார்கள். லைட் போடுகிறவர் குழம்பிப்போய் எல்லா விளக்கையும் எரியவிட்டார். மேடைக்கு வந்த சீஃப் கெஸ்ட்டுக்கு ஒன்றைப் போர்த்திவிட்டு மகளிடம் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பொன்னாடையை அவள் தோளில் போடக் குனிந்தபோதுதான் அந்தக் கையைக் கிட்டத்தில் பார்த்தேன். கீழே தொங்கிய கையில் விரல்கள் மட்டும் ஒரு பாட்டிலின் கழுத்தைப் பிடித்த மாதிரி மடங்கியே இருந்தன.

கடைசி நாளில் என் மனைவியை வார்டிலிருந்து ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, ட்ரிப்ஸ் பாட்டிலை யாராவது உயரப் பிடித்துக்கொண்டு கூடவே போக வேண்டியிருந்தது. மகள் பிடித்துக்கொண்டாள். வராந்தா, லிஃப்ட், மறுபடி வராந்தா, ஸ்கேன் அறை வாசலில் காத்திருப்பு. நான் டீ வாங்கக் கீழே போனேன். டீக்கடையில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். மனசு கனத்துக் கிடந்ததால் அவரிடம் ஒரு ஜோக் சொன்னேன், அவர் சிரித்ததால் இன்னொன்று சொன்னேன். மேலே வந்தபோது ஸ்ட்ரெச்சரைச் சுற்றி நாலைந்து பேர். “என்ன இங்க கூட்டம்?” என்று சிரித்துக்கொண்டேதான் நெருங்கினேன். என் மனைவியின் உயிர் போயிருந்தது. மகள் அப்போதும் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள்.

மேடையில் அந்த வெளிச்சத்தில் நான் என்ன செய்வதென்று தெரியாமல் பொன்னாடையின் மடிப்பை நீவிவிட்டேன். பிறகு, “நன்றி, வணக்கம்” என்றேன். பழக்கம்.

அவள் விட்ட இடத்திலிருந்து ஆடவில்லை. உள்ளே போய்விட்டாள். நாலாவது நடனத்தை மற்றவர்கள் ஆடினார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் குழுவை நடத்தும் பெண்மணி என்னிடம் வந்து, “அதுல இன்னும் நாலு நிமிஷம் இருந்துச்சு சார்” என்றார், கோபமே இல்லாமல், டாக்டர் ரிப்போர்ட் சொல்கிற மாதிரி.

வாசலில் அவர்களுடைய வேன் நின்றது. மகள் அதன் படிக்கட்டு அருகில் பையோடு நின்றாள்.

“ஸ்கூட்டர் கொண்டாந்திருக்கேன்மா, பையைக் குடு.”

கொடுக்கவில்லை.

“அந்த நாலு நிமிஷத்துல என்னம்மா வரும்?”

“ஒண்ணும் வராதுப்பா. நின்னுட்டு இருப்பேன். அவ்வளவுதான்.”

“நாளைக்குக் காலையில வீட்ல எனக்கு மட்டும் ஆடிக் காட்டேன். வாயே தொறக்க மாட்டேன்.”

அவள் பொன்னாடையை நாலாக மடித்து என் கையில் வைத்தாள். “நான் இவங்களோடயே மதுரைக்குப் போயிடறேன்ப்பா.”

“கோவமா?”

“கோவமெல்லாம் இல்லை. வீட்டுக்கு வந்தா காலையில காபி குடிக்கறதுக்குள்ள இதையும் நீங்க ஒரு ஜோக்கா சொல்ல ஆரம்பிச்சுடுவீங்க. அம்மா மாதிரி என்னால சிரிக்க முடியாதுப்பா.”