வெள்ளை ஹாலில் ஒரு செங்கல் நிறப் பாதை

எங்கள் கம்பத்து வீட்டுக்குள் முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ஹால் முழுக்கப் பளபளவென்று வெள்ளை டைல்ஸ். அதன் நடுவே, வாசலில் தொடங்கி ஓர் அறை வரைக்கும், அங்கிருந்து குளியலறை வரைக்கும், கார் நிறுத்தும் இடத்துக்குப் போடுகிற செங்கல் நிறச் சொரசொரப்பு டைல்ஸ். மூன்றடி அகலம் இருக்கும். “வெள்ளை பத்தாமப் போச்சா டீச்சர்?” என்பார்கள். பத்தாமல் போகவில்லை. நான்தான் உடைக்கச் சொன்னேன்.

மொசைக்கை விட்டு ஊரே டைல்ஸுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம் அது. நிலைக்கதவுக்குத் தேக்கு, சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட், ஜன்னலுக்கு எந்தக் கம்பி என்பதுவரை என் கணவரும் கொத்தனாருமே பேசி முடித்துவிட்டார்கள். தரை மட்டும் என் இஷ்டம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்து அதைத் துடைக்கப் போகிறவள் நான்தானே.

தேனிக்கு டைல்ஸ் பார்க்கப் போனபோது மாமாவும் வந்தார். என் மாமனாரைத்தான் சொல்கிறேன். அத்தை இறந்த பிறகு அனுமந்தன்பட்டிப் பழைய வீட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு, திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது வீட்டில் பால் காய்ச்சியதும் எங்களோடு வந்துவிடுவதாகப் பேச்சு. அவருக்கென்றே ஓர் அறை கட்டியிருந்தோம். கடையில் நான் பளபளப்பான வெள்ளையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, கீழே கிடந்த அதே டைல்ஸைக் கால் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

“இது வேணாம்த்தா. கொஞ்சம் சொரசொரன்னு இருக்கிறதாப் பாரு.”

எனக்கு வாய் நீளம். “தொடைக்கப் போறது நாந்தான மாமா. சொரசொரப்புல அழுக்கு ஏறுனா நீங்களா வந்து தேய்ப்பீக?” என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றார். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் டைல்ஸை மாற்றவில்லை.

பால் காய்ச்சிய அன்று சொந்தபந்தம் எல்லாம் தரையைத்தான் பாராட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பந்தி முடிந்து ஹாலைக் கழுவிவிட்டோம். எல்லோரும் மாடியைப் பார்க்கப் போய்விட்டுக் கீழே இறங்கினால், மாமா வாசலில் கிளம்பி நிற்கிறார். தோட்டத்தில் மருந்தடிக்க வேண்டுமாம். விசேஷ வீட்டிலிருந்து ஓடிப்போய் அடிக்க என்ன மருந்து என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்று வாரமாகியும் அவர் வரவில்லை. அவர் அறையில் புது மெத்தை பிரிக்காமல் கிடந்தது. கணவர் போய்க் கூப்பிட்டால், “வர்றேன்பா, நீ போ” என்று கட்டிலில் உட்கார்ந்தபடியே அனுப்பிவிடுவார். சின்னமனூரில் இருக்கும் நாத்தனார் போனில், “அவ்வளவு பெரிய வீட்டுல அப்பாவுக்கு மட்டும் எடமில்லையாக்கும்” என்றாள். மருமகள் விரட்டிவிட்டாள் என்று ஊரிலும் பேச்சு. ஊர் பேசிவிட்டுப் போகட்டும். அது உண்மையாக இருந்துவிடுமோ என்பதுதான் என்னைத் தின்றது. கடையில் விட்ட ஒரு வார்த்தைக்காக ஒரு மனிதர் கடைசிக் காலத்தில் மகன் வீட்டையே வேண்டாம் என்றுவிட்டால், அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? தரையைத் துடைக்கக் குனிந்தால் என் மூஞ்சியே தெரிந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கத்தான் கிளம்பினேன். அனுமந்தன்பட்டியில் இறங்குவதற்குள் அது கோபமாக மாறியிருந்தது. என் குணம் அப்படி.

வீட்டுக்குள் நுழைந்ததுமே தைல வாடை. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இடது காலை இழுத்து வைத்தார்.

“காலுக்கு என்ன மாமா?”

“ஒண்ணுமில்லத்தா. வரப்புல பெரண்டுருச்சு.”

“எம்மேல கோவம்னா மூஞ்சிக்கு நேரா வஞ்சிருங்க. இப்பிடி வராம இருந்து என்னைய ஊர் வாயில போடாதீக” என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அவர் திருதிருவென்று விழித்தார். “கோவமா? ஒம்மேலயா? என்னாத்துக்கு?”

“டைல்ஸ் கடையில பேசுனேன்ல.”

கொஞ்ச நேரம் யோசித்தார். சத்தியமாக அவருக்கு அது ஞாபகமே இல்லை.

“பெறகு ஏன் மாமா வரல?”

இடுப்பைத் தடவிக்கொண்டு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் சொன்னார். பால் காய்ச்சிய அன்று நாங்கள் மாடியில் இருந்தபோது, கழுவிய ஈரத்தில் ஹாலில் வழுக்கி விழுந்திருக்கிறார். தானே எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, எங்கள் முன்னால் நேராக நடந்துபோய் பஸ் ஏறியிருக்கிறார்.

“பால் காச்சுன அன்னைக்கே வீட்டுக்குள்ள ஆள் விழுந்தான்னா என்ன சொல்லுவாக? வீடு ஆகல, ராசியில்லம்பாக. பெறகு, எதுல விழுந்தான், அத யாரு எடுத்தான்னு ஒன்னையப் பிடிச்சுக்கிருவாக. நொண்டிக்கிட்டு அங்கன வந்தா எல்லாம் வெளிய வந்துரும்ல. சரியாகட்டும்னு இருந்தேன்.” இழுத்து வைத்த காலைப் பார்த்துக்கொண்டே, “சரியானாலும் அந்தத் தரையில நடக்கப் பயமாத்தான் இருக்கும்த்தா” என்றார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கோபம் இல்லை, அவருக்கு என்மேல் கோபமே இல்லை. அடிபட்ட மனிதரின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. கையோடு ஆட்டோவில் ஏற்றிக் கம்பத்துக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் எலும்பில் ஒன்றுமில்லை, சதையில்தான் அடி என்றார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பசித்தது.

மாமாவைத் திரும்ப அனுமந்தன்பட்டியில் விட்டுவிட்டு வந்து, கணவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். கொத்தனாரை வரச்சொன்னால், “போட்டு ஒரு மாசம் ஆகல, உடைக்கச் சொல்றீகளே” என்று தலையில் அடித்துக்கொண்டார். நான்கு நாள் தேடியிருந்தால் வெள்ளையிலேயே சொரசொரப்பு கிடைத்திருக்கும். எனக்குப் பொறுமை இல்லை. கம்பத்துக் கடையில் அன்றைக்கு இருந்தது இந்தச் செங்கல் நிறம்தான். முதல் டைல்ஸில் உளி விழுந்தபோது மட்டும் மனசு கேட்காமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் மாமா வந்தார். வாசலில் நின்று பெருவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடிக்காமல் நடந்து தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறே நாத்தனார் அப்பாவைப் பார்க்க வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். “என்னா மதினி, ஹாலுக்குள்ள ரோடு போட்டிருக்கீக?”

“நான் வழுக்கி விழுந்துட்டேன்” என்றேன்.

“எப்ப? சொல்லவே இல்ல. யாரும் பாக்கலயா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அறைக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது.

“நான் பாத்தேன். நல்ல அடி. பாவம், வெளிய சொல்லாமயே இருந்துச்சு.”