நாலு கதவுக்கு ஒரு ஹேண்டில்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒரு கோழி அடைகாத்து முடிக்கட்டும் என்று இருபத்தோரு நாள் காத்திருந்த ஆள் நான். கோழி என்னுடையதல்ல, முட்டையும் என்னுடையதல்ல. கோழி உட்கார்ந்திருந்த காரின் கதவுக்கு உள்பக்கம் இருந்த அட்டைதான் எனக்கு வேண்டியிருந்தது.

நேற்று வில்லியனூர் கடைத்தெருவில் குஷன் கடை ஒன்றைத் தாண்டும்போது ரெக்சின் ஒட்டுகிற பசை வாசனை வந்தது. மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ வாசனையில் கல்யாணம் ஞாபகம் வரும். எனக்குப் பசையில் வருகிறது.

அப்பா வாடகைக்கு ஓட்டிய அம்பாசடர் இன்னும் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அவர் வாங்கும்போதே அது நாலு கை மாறி வந்த வண்டி. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ஹேண்டில்களில் ஒன்றுதான் மிச்சம். அதை அப்பா சட்டைப் பையில் வைத்திருப்பார். காற்று வேண்டுமென்றால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்க வேண்டும். அப்பா ஹேண்டிலைப் பின்னால் நீட்டுவார். மாட்டி, சுற்றி, கழற்றி, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒருமுறை திருக்கனூர் சந்தைக்குப் போன ஒரு வியாபாரி ஞாபக மறதியில் அதை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அப்பா பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்தார்.

என் கல்யாணத்துக்கும் அதே கார்தான். பாகூரில் பெண் வீட்டில் தாலி கட்டி, சாப்பிட்டு முடித்து, மத்தியானம் கிளம்பினோம். ஏறியதும் அப்பா ஹேண்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மாப்ள கையில இருக்கட்டும். மரியாத."

செங்கோலைப் போல வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு வில்லியனூர் வரும்வரை எனக்கு எதுவும் ஞாபகமில்லை. இரண்டு நாள் தூக்கம் பாக்கி. வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அத்தை உலுக்கித்தான் எழுந்தேன்.

கல்யாணமான இரண்டாம் நாள் காலையில் அப்பா காரை எங்கோ ஓட்டிக்கொண்டு போனார். சாயந்தரம் திரும்பி வந்தபோது நாலு கதவுக்கும் உள்ளே புலிவரி ரெக்சின். கூடவே டேஷ்போர்டில் ஒரு எலுமிச்சம்பழம். புலிவரியைப் பார்த்து ஊரே சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். "சர்க்கஸ் வண்டி" என்று பெயர் வைத்ததும் நான்தான். அப்பா தன் பாட்டுக்கு வண்டி ஓட்டினார். எலுமிச்சம்பழம் வாடினால் மட்டும் புதுசு வைப்பார். திருஷ்டிக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து என் மகள் மேகலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எட்டு மாதம் தள்ளி முகூர்த்தம். அவள் எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு போட்டோவை உருவி எடுத்து வந்தாள். கிளம்புவதற்கு முன் எடுத்தது. காரின் பின்சீட்டில் அவள் அம்மா செல்வி, தோளுக்குப் பக்கத்தில் கதவு அட்டை.

"அப்பா, இதே காரு, இதே எடம், இதே கலரு. எனக்கும் இப்பிடி ஒரு போட்டோ வேணும்."

பெற்ற ஒரே பெண் கேட்ட ஒரே பொருள். ஆனால் போட்டோ வெளிறிப்போய் எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தது. நான் பச்சை என்றேன். மேகலா நீலம் என்றாள். செல்வியைக் கேட்டால், "கதவ எவ பாத்தா? புச்சா இன்னாத்தையாவது மாட்டிட்டுப் போயேன்யா" என்று எழுந்து போய்விட்டாள்.

ஒரிஜினல் கதவு அட்டை தேடி நான் போகாத காயலாங்கடை இல்லை. போன இடத்திலெல்லாம், "எங்கப்பா ஒரிஜினலைப் பிடுங்கிப் போட்டுப் புலியை ஒட்டிட்டாரு" என்று செத்துப்போன மனுஷனைக் குறை சொன்னேன். காட்டேரிக்குப்பத்தில் ஒரு கரும்புக் கொல்லை ஓரம் அம்பாசடர் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். கதவில் கை வைத்ததும் கொல்லைக்காரம்மா களைக்கொட்டோடு வந்துவிட்டார்.

"தொடாத! உள்ள கோயி அடையில கீது. கதவத் தொறந்தா எயிந்துடும்."

"அட்டைய மட்டும் பாத்துக்கிறேன்மா."

"இருவத்தோரு நாள் கயிச்சி வா. குஞ்சு பொரிச்சதும் காரையே எட்த்துக்கினு போ."

நாட்காட்டியில் குறித்து வைத்துப் போனேன். பதினோரு குஞ்சுகள். கதவில் அட்டை இல்லை. கரையான் புற்று இருந்தது. அந்தம்மா பரிதாபப்பட்டு ஒரு குஞ்சை எடுத்துப் போகச் சொன்னார்.

முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தோல்வியை ஒப்புக்கொண்டு காரை ரவியின் குஷன் கடையில் விட்டேன். ஏதாவது ஒரு நீலத்தில் புதுசாக அடித்துவிடு என்றேன். ரவி ஓரத்தை நெம்பினார். மேலே இருந்தது கறுப்பு வெல்வெட். டேப் ரெக்கார்டர் வாங்கிய திமிரில் நான் அடித்தது. அதற்குக் கீழே மெரூன். ஒரு தேர்தலுக்கு வாடகைக்கு எடுத்தவர்கள் கொடி குத்திக் கிழித்ததால் போட்டது. அதற்கும் கீழே புலி.

"போதும், அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல" என்றேன்.

"யாருண்ணா சொன்னது? நம்ம பக்கம் எவனும் பழச உரிக்க மாட்டான். மேலயே அடிச்சிக்கினு போயினே இருப்பான்."

புலியை உரித்தார். இளநீலம். கம்பெனியில் அடித்த கோடுகள் கலையாமல் அப்படியே இருந்தன. எட்டு மாதம் ஜில்லா ஜில்லாவாகத் தேடிய பொருள் என் முழங்கைக்குக் கீழேயே இருந்திருக்கிறது. ரவி சிரிக்காமல் இருந்ததற்கு இன்னும் நன்றியோடு இருக்கிறேன்.

செல்வி உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவில் மட்டும் மஞ்சளாக ஒரு கறை. உள்ளங்கை அகலம், கீழே விரல் விரலாக வழிந்திருந்தது. ரவி துணியை எடுத்தார்.

"தொடைக்காத!" என்று கத்திவிட்டேன். கல்யாணப் பெண்ணின் சந்தனக் கை! கண்ணில் தண்ணீர் வந்தது. போட்டோ எடுத்து, "எங்கள் வீட்டுக்கு வந்த மகாலட்சுமியின் சந்தனக் கை" என்று எழுதி, இரண்டு குடும்பமும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போட்டேன். சம்பந்தியம்மா ஏழு கும்பிடு அனுப்பினார்.

வீட்டுக்குப் போனதும் செல்வி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது இன்னா?"

"ஒன் கை."

"கையாம் கை. வாந்தி."

"இன்னாது?"

"பாகூரு ஏரிக்கர தாண்டறதுக்குள்ள வயித்தப் பொரட்டிச்சி. கண்ணாடிய எறக்கலாம்னா ஹேண்டிலு ஒன் கையில. நீ வாயத் தொறந்துக்கினு கொறட்ட வுட்ற. வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சிப் பாத்தேன், வுட்டாத்தான? மாமா கண்ணாடில பாத்துட்டு கரிக்கலாம்பாக்கத்துல வண்டிய நிறுத்தி எலுமிச்சம்பயம் வாங்கிக் குட்த்தாரு. 'யார்கிட்டயும் சொல்லாதம்மா, நான் பாத்துக்கிறேன்'னாரு."

குரூப்பிலிருந்து போட்டோவை அழிக்கப் பார்த்தேன். அதற்குள் அறுபது பேர் பார்த்திருந்தார்கள். சம்பந்தியம்மா நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். இனித் துடைக்க முடியாது.

கல்யாணத்தன்று மேகலா அந்தக் கதவில் சாய்ந்து அவள் கேட்ட போட்டோவை எடுத்துக்கொண்டாள். மற்ற கார்களெல்லாம் ஏசி. பொத்தானைத் தொட்டால் கண்ணாடி இறங்குகிறது. அதையும் யாரும் இறக்குவதில்லை. ஹேண்டிலைக் கொடு என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அப்பா இல்லை. அவருடைய புலியையும் நானே குப்பையில் போட்டுவிட்டேன். செல்வி சொன்ன மறுநாள் ரவி கடைக்கு ஓடிப் போய்த் தேடினேன், கிடைக்கவில்லை.

சம்பந்தியம்மா காருக்குள் குனிந்து அந்தக் கறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் நின்ற நாலைந்து பேரும் வரிசையாக ஒற்றிக்கொண்டார்கள். செல்வி சிரித்த முகம் மாறாமல் என் காதருகில் வந்தாள்.

"மாமா ரெண்டே நாள்ல மூடி மானத்தக் காப்பாத்தனாரு. நீ எட்டு மாசம் தேடி எட்த்தாந்து ஊரையே கும்புட வெச்சிட்டியேயா."