வியாழக்கிழமை ஆட்கள்

மதுக்கடை வரிசையில் பட்டப்பகலில் நின்றபோது எனக்கு வெட்கமே வந்ததில்லை. முன்னால் நின்றவரோடு வெயிலைப் பற்றிப் பேசியிருக்கிறேன். குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடும் இடத்துக்கு முதன்முதலாகப் போன அன்றுதான் கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். காஞ்சிபுரத்தில் ஒருவன் குடிக்கிறான் என்பது செய்தியே இல்லை. நிறுத்தப் போகிறான் என்றால் தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்கும்.

அந்த இடத்தைக் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிடத்துக்கு முன்னால் பல மாதங்கள் குடியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். வாசிக்கிறவனுக்கு எதையும் தள்ளிப்போட ஒரு புத்தகம் கிடைத்துவிடும்.

வியாழக்கிழமை சாயங்காலம், தேவாலயத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பு அறை. பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்தோம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. அவரவர் கதையை அவரவர் யாரிடமும் சொல்லலாம்; அடுத்தவர் கதையை வெளியே கொண்டுபோகக் கூடாது.

முதல் நாள் நான் சொந்தக் கதையை விட்டுவிட்டு, மனித வாழ்வில் போதையின் இடம் குறித்துச் சொற்பொழிவு ஆற்றினேன். பக்கத்தில் இருந்த பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் குனிந்து, "நல்லா பேசினீங்க சார். யாரோ குடிகாரனப் பத்திதானே?" என்றார். அதற்குப் பிறகு நண்பர்களாகிவிட்டோம்.

கூட்டம் முடிந்ததும் தெருமுனையில் இஞ்சி டீ குடிப்போம். அந்தக் கடைக்காரர் இஞ்சியை நசுக்குவதில்லை, பழிவாங்குவார். காது வரை எரியும். எங்களுக்கும் எரிந்தால்தான் குடித்த மாதிரி இருக்கும்.

தறிக்காரர் கோயில் கோயிலாகச் சத்தியம் செய்து, ஒவ்வொன்றையும் உடைத்தவர். "இந்த வாட்டி வீட்ல சொல்லாம நிறுத்திக்கினேன் சார். சொன்னா அவ நம்பிடறா. அதான் தாங்கல." எங்கே போகிறீர்கள் என்று கேட்ட மனைவியிடம், நல்லவர்கள் நாலு பேர் சேரும் இடம் என்று மட்டும் சொல்லியிருந்தார். மனைவியோ தினமும் வாசலிலேயே நிறுத்தி, வாயை ஊதச் சொல்வாராம்.

"நிறுத்தி இத்தன நாளாவுது, இன்னும் ஊதச் சொல்றா. நானும் ஊதிக்கினுதான் இருக்கேன். வேற எதுக்கு என் மூஞ்சிகிட்ட வந்து நிக்கப் போறா?" என்று டீக்கடையில் ஒருநாள் சொன்னார். சிரித்தோம்.

அவர் நிறுத்திவிட்டதைக் கல்லீரல் பொருட்படுத்தவில்லை. மழைக்காலத்தில் போய்விட்டார்.

மாலையோடு எல்லோரும் போனோம். எங்களில் ஒருவர் பட்டுநூலுக்குச் சாயம் போடுபவர். பழைய நாட்களில் தறிக்காரரோடு குடித்துவிட்டு, அவரைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிவந்து வீட்டில் விட்டவரும் அவர்தான். தறிக்காரரின் மனைவியான அந்த அம்மா அவரைப் பார்த்தார். பின்னால் நின்ற எங்களையும் பார்த்தார்.

"ஊத்திக் குடுத்துக் கொன்னவனுங்க மாலை எடுத்துக்கினு வந்துட்டானுங்க பாரு! வியாழக்கிழமையானா நல்லவங்களோட போயி உக்காந்துட்டு வருவாரே, அவங்க ஒருத்தர் கூட வரலியே! மோப்பம் புடிச்சிக்கினு நீங்கதானா வரணும்?"

அந்த நல்லவர்கள் நாங்கள்தான் என்று ஒருவர் சொன்னால் எல்லோருடைய முகமும் தெருவுக்குத் தெரிந்துவிடும். ஜரிகை வியாபாரம் செய்யும் பாய், தான் குடித்ததே சொந்த வீட்டுக்குத் தெரியாமல் நிறுத்தியவர். மாலையைத் தறிக்காரரின் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பினோம்.

டீக்கடையில் சாயக்காரர், நல்லவர் மாதிரி முகமுள்ள யாரையாவது அந்த அம்மாவிடம் அனுப்பலாம் என்றார். என் முகத்தை அவரே முதலில் கழித்துவிட்டார். "சார் மூஞ்சில இன்னும் ஊறுகா ஒட்டிக்கினு இருக்குதுபா."

"யார அனுப்பறது? எல்லாரையும்தான் பாத்துட்டாங்களே," என்றார் பாய். "இனிமே கடைசி வரைக்கும், நல்லவங்க வரலன்னுதான் அந்தம்மா நெனச்சிக்கினு இருக்கும்."

அதற்குப் பிறகு டீ ஆறிப்போனது.

காரியம் முடிந்து சில நாள் கழித்து நான் மட்டும் போனேன். என் கதையைச் சொல்ல எனக்கு அனுமதி உண்டு. அதில் காப்பாற்ற வேண்டிய மானம் எதுவும் மிச்சமும் இல்லை. தைரியத்துக்கு எதையாவது குடித்துவிட்டுப் போவது என் பழைய பழக்கம். அதே தெருமுனைக் கடையில் ஒரு இஞ்சி டீ குடித்தேன்.

கதவைத் திறந்த அம்மா என்னை அடையாளம் கண்டு மூடப் போனார்.

"அம்மா, நான் வியாழக்கிழமை ஆளும்மா. நானும் குடிகாரன்தான், நிறுத்திட்டேன். அவர் பக்கத்துலதான் உக்காருவேன். அன்னிக்கு வந்தேன், சொல்ல முடியல."

நிறுத்திவிட்டேன் என்று சொல்லும் ஆணை அவர் அந்த வாசலில் நிறையத் தடவை பார்த்திருப்பார்.

"ஊது," என்றார்.

நரைத்த தலையோடு, தெருவில் போவோர் பார்க்க, ஊதினேன். முகத்தைச் சற்று முன்னால் கொண்டுவந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்கள் மூடியிருந்தன.

"இதே இஞ்சி," என்றார். "வியாழக்கிழமையானா அவருகிட்ட இதே வாசனதான் வரும்."

கண்ணைத் திறந்து கேட்டார். "அன்னிக்கு கூட வந்தவங்க?"

"என்னப் பத்தி மட்டும்தான்மா நான் சொல்ல முடியும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. "எல்லாரையும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே."

"எங்களுக்கு அது பழக்கம்தான்மா."

அவர் சிரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கிளம்பத் திரும்பினேன்.

"இன்னொரு வாட்டி ஊதுப்பா," என்றார்.

ஊதினேன்.